கதையில் வரும் பெரியவர்களைத்தான் பார்க்கிறேன்: இளையோர் நாவல்கள் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த எட்டு மாதத்தில் ஒன்பது இளையோர் நாவல்கள் படித்து முடித்தேன். எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. சிலவற்றைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளோடு சேர்ந்து படித்தேன், சிலவற்றை அவள் தூங்கிய பிறகு தனியாக. அவளுக்காக ஆரம்பித்தது, இப்போது எனக்காகவே படிக்கிறேன். மகளின் தோழிகளுடைய அம்மாக்கள், என் தம்பி, அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா என்று ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்தான் இவை. கதை முடிவுகளை உடைக்காமல் சொல்லியிருக்கிறேன். ஒரே ஓர் இடத்தில் முடியவில்லை. அங்கே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இளையோர் நாவல் என்றால் என்ன? சிறுவர் கதையிலிருந்து அது எங்கே பிரிகிறது?

அமெரிக்க நூலகர்கள் 12 முதல் 18 வயது வரை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு வயதைவிட முக்கியமாகப் படுவது, கதை சொல்லும் குரல் எங்கே நிற்கிறது என்பது. நாற்பது வயது ஆள் திரும்பிப் பார்த்து, 'அப்போது எனக்கு விவரம் போதவில்லை' என்று சொன்னால் அது பெரியவர்களுக்கான நாவல். பதினைந்து வயதிலேயே நின்றுகொண்டு, நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் அந்த வயதைப் பேசினால் அது இளையோர் நாவல்.

இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டதாகப் பலரும் சொல்வது 1967இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்'. எழுதிய எஸ். இ. ஹிண்டன் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரப் பெண். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார், புத்தகம் வெளிவந்தபோது பதினெட்டு. பையன்களின் கோஷ்டிச் சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்றால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் சூசன் எலோயிஸ் என்ற பெயர் வெறும் முதலெழுத்துகளாகச் சுருங்கியது. அந்த நாவலில் மூன்று அண்ணன் தம்பிகள். அப்பா அம்மா கார் விபத்தில் போய்விட்டார்கள். இருபது வயது அண்ணன் கூரை வேலைக்குப் போய் வீட்டை நடத்துகிறான். பெரியவர்கள் என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் ஆளே இல்லை. அதே வயதுப் பெண் ஒருத்தி எழுதிய கதையில் பெரியவர்கள் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது என்பதை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

உங்கள் வயதில் இதையெல்லாம் ஏன் படிக்கிறீர்கள்?

எனக்கு நாற்பத்தைந்து வயது. இந்தக் கதைகளில் மகள் தன் வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். நான் பார்ப்பது அம்மாக்களை, அப்பாக்களை, டீச்சர்களை, பாட்டிகளை. ஒரு பிள்ளை வாயைத் திறக்க முடியாமல் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிற பெரிய ஆள் என்ன செய்கிறார்? கேட்கிறாரா, கேட்காமல் போகிறாரா, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? ஒவ்வொரு நாவலையும் நான் அளக்கிற படி இதுதான். இந்த அளவில் நிற்காத நாவலுக்கு எத்தனை விருது கொடுத்திருந்தாலும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

படித்ததில் உங்களை உலுக்கியது எது?

யோசிக்கவே வேண்டாம். 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. 2011இல் வந்தது. இதன் கருவும் தொடக்கமும் ஷவோன் டௌட் என்ற எழுத்தாளருடையவை. எழுதி முடிப்பதற்குள் 2007இல் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத பேட்ரிக் நெஸ் அதை வாங்கித் தன் கதையாக எழுதினார். ஜிம் கே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பக்கத்தின் ஓரங்களிலிருந்து எழுத்துக்குள் வேர்போல இறங்குகின்றன. 2012இல் பிரிட்டனின் கார்னெகி பதக்கம் எழுத்துக்கும் கிரீனவே பதக்கம் படத்துக்கும் கிடைத்தன. இரண்டையும் சேர்த்து வாங்கிய முதல் புத்தகம் இது.

பதிமூன்று வயது கானர். அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டுக்குப் பின்னால் தேவாலயக் கல்லறையில் ஒரு யூ மரம், ஐரோப்பாவில் கல்லறைகளில் வளரும் ஊசியிலை மரம். இரவு 12.07க்கு அது நடந்து வந்து ஜன்னலருகே நிற்கிறது. நான் மூன்று கதை சொல்வேன், நான்காவது கதையை நீ சொல்லவேண்டும் என்கிறது. யூ மரம் சும்மா வைத்த மரம் இல்லை. பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் எடுக்கப்பட்டது யூ இனத்து மரம் ஒன்றின் பட்டையிலிருந்துதான். நாவலிலும் அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அந்த மரத்திலிருந்து வருகிறது. பையன் அந்த மரத்தை நம்புகிறான். அந்த நம்பிக்கையைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

இப்போது முடிவைச் சொல்கிறேன். வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கானர் சொல்லத் தயங்கும் நான்காவது கதை என்னவென்றால், எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்று அவன் உள்ளுக்குள் நினைத்தது. அம்மா பிழைக்கவேண்டும் என்றும் நினைத்தான், இந்த அவஸ்தை முடியவேண்டும் என்றும் நினைத்தான். இரண்டும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருந்தன. என் அம்மா இறந்தபோது எனக்குப் பதினாலு வயது. ஐந்து மாதம், பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஒரு நாள் அந்த வராந்தாவில் உட்கார்ந்து, இது எப்போது முடியும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். நான் நினைத்ததால்தான் போனாள் என்று முப்பத்தோரு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்தப் புத்தகத்தைப் படித்த இரவில்தான் என் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன்.

இதில் பெரியவர்கள் எப்படி என்று கேட்டால், பள்ளியில் எல்லோரும் அவன்மீது பரிதாபப்படுகிறார்கள். என்ன தப்புச் செய்தாலும் தண்டிப்பதில்லை. அந்தச் சலுகையே அவனை ஆளில்லாதவனாக ஆக்கிவிடுகிறது. ஆனால் பாட்டியின் காட்சி ஒன்று இருக்கிறது. கண்டிப்பான, வீட்டில் ஒரு பொருள் இடம் மாறினாலும் முகம் சுளிக்கிற பாட்டி. பேரன் ஆத்திரத்தில் அவருடைய முன்னறையை அடித்து நொறுக்கிவிடுகிறான். பாட்டி வந்து பார்க்கிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. மிச்சம் நின்ற ஒரே அலமாரியைத் தானே இழுத்துக் கீழே சாய்க்கிறார். அவரும் மகளைத்தானே இழந்துகொண்டிருக்கிறார்! இதற்கு மேல் ஒரு பாட்டியால் பேரனிடம் என்ன பேசிவிட முடியும்?

என் பையன் புத்தகத்தையே தொடமாட்டான். எதில் ஆரம்பிக்கலாம்?

ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்', 2017. முழுக்கப் புதுக்கவிதை வடிவில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் சில நேரம் இருபது சொல்கூட இருக்காது. என் தம்பி மகனுக்குப் பதினாலு வயது, கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்காதவன். ஒரே உட்காரலில் படித்து முடித்துவிட்டு, "அத்தை, இதே மாதிரி இன்னொன்னு இருக்கா?" என்றான்.

பதினைந்து வயது வில்லின் அண்ணன் ஷான் தெருவில் சுடப்பட்டுச் சாகிறான். அந்தத் தெருவில் மூன்று விதி உண்டு. அழக்கூடாது. காட்டிக்கொடுக்கக்கூடாது. பழி வாங்கவேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து புழங்கிய அறையில் இழுப்பறைகள் வைத்த ஒரு துணி அலமாரி. அதன் நடு இழுப்பறை மட்டும் கோணலாகி இறுகிக் கிடக்கிறது. வில் அதைப் பிடித்து இழுத்துத் துப்பாக்கியை எடுக்கிறான். மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கும் அறையில் அந்த ஒரு கோணலை ரெனால்ட்ஸ் வைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு லிஃப்டில் ஏறுகிறான். கீழே வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து, இதே விதிகளால் செத்துப்போன ஒருவர் ஏறுகிறார். அப்பா, அப்பாவின் சகோதரர் உட்பட.

பெரியவர்கள் எல்லோரும் இறந்த பிறகுதான் பையனிடம் பேச வருகிறார்கள். வாழும்போது அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது அந்த மூன்று விதிகள்தான். புத்தகம் எங்கேயும் பழி வாங்காதே என்று புத்தி சொல்லவில்லை. கடைசிப் பக்கம் ஒரு சின்னக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. தம்பி மகன் அதைப் பற்றி என்னோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டான்.

கவிதையிலேயே நாவல் என்றால் சலிப்பாக இருக்காதா?

எலிசபெத் அசெவெடோவின் 'தி பொயட் எக்ஸ்' படித்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 2018இல் வந்தது. அந்த ஆண்டே அமெரிக்க தேசியப் புத்தக விருது, அடுத்த ஆண்டு பிரிண்ட்ஸ் விருது, கார்னெகி பதக்கம். வெள்ளையரல்லாத ஒருவருக்குக் கார்னெகி கிடைத்தது அதுதான் முதல் தடவை. (பிரிண்ட்ஸ் என்பது இளையோர் நூல்களுக்கென்றே 2000 முதல் கொடுக்கப்படும் அமெரிக்க விருது. கேன்சஸ் மாநிலம் டொபீகா நகரத்துப் பள்ளி நூலகர் ஒருவரின் பெயரில் இருக்கிறது. பள்ளி நூலகர் பெயரில் ஒரு பெரிய இலக்கிய விருது என்பதே எனக்குச் சந்தோஷம்.)

கரீபியன் பகுதியின் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வாழும் குடும்பம். பெண்ணின் பெயர் சியோமாரா. அம்மா கன்னியாஸ்திரி ஆக ஆசைப்பட்டு, கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர். பெண்ணின் உடம்பு வளர்வதே அம்மாவுக்குப் பயம். தெருவில் ஆண்கள் பார்த்தால் அதுவும் பெண்ணின் தப்பு. இரட்டைப் பிறவிச் சகோதரன் பரிசாகக் கொடுத்த தோல் அட்டை நோட்டில் அவள் எழுதிக்கொண்டே இருக்கிறாள். அந்த நோட்டை வைத்து ஒரு காட்சி வருகிறது. மகளின் நோட்டை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கும் அம்மாக்கள் எல்லோரும் அதைப் படிக்கவேண்டும். நான் திறந்து பார்த்திருக்கிறேன். அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது.

ஆங்கில ஆசிரியை கலியானோவைவிட எனக்கு வியப்புத் தந்தவர் பாதிரியார் ஷான். கண்டிப்பான மதபோதகர் என்று நாம் நினைத்து வைத்திருப்போம். அவர் பெண்ணின் பேச்சை நிதானமாகக் கேட்கிறார். குறை என்றால், அம்மாவும் மகளும் சமாதானமாகும் பகுதி கடகடவென்று ஓடிவிடுகிறது. பதினைந்து வருடம் இறுகிய முடிச்சு அத்தனை சுலபத்தில் அவிழாது. இன்னும் முப்பது பக்கம் கொடுத்திருக்கலாம்.

பாலியல் வன்முறை வரும் நாவலைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா, அக்கா?

இதைக் கேட்காத அம்மா இல்லை. லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' நாவலை வைத்துப் பதில் சொல்கிறேன். 1999இல் வந்தது. ஆசிரியர் தனக்கு நேர்ந்த கொடுமையிலிருந்து எழுதியதாகப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். 2023இல் சிறுவர், இளையோர் இலக்கியத்துக்கான ஸ்வீடன் விருதான ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் நினைவு விருது பெற்றார்.

மெலிண்டா ஒன்பதாம் வகுப்பில் புதிதாகச் சேர்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு விருந்தின்போது போலீஸுக்குப் போன் செய்தாள் என்பதற்காகப் பள்ளியே அவளை ஒதுக்கி வைக்கிறது. ஏன் போன் செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறாள். துப்புரவுப் பணியாளரின் பழைய சாமான் அறையைத் தன் இடமாக்கிக்கொள்கிறாள். நாவல் நான்கு பருவமாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மதிப்பெண் அட்டை. மதிப்பெண் சரிகிறது, அப்பா அம்மா சத்தம் போடுகிறார்கள். வீட்டில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே சமையலறை மேடையில் வைக்கும் துண்டுச் சீட்டில்தான். நானும் வேலைக்குப் போகிறவள். 'தோசை மாவு ஃபிரிட்ஜில்' என்று நான் எழுதி வைத்த சீட்டுகள் எல்லாம் அப்போது கண்முன் வந்தன.

ஓவிய ஆசிரியர் ஃப்ரீமன் வருகிறார். உடைந்த பழைய உலக உருண்டைக்குள் சீட்டுகளைப் போட்டு ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொல்கிறார். மெலிண்டாவுக்கு 'மரம்' வருகிறது. வருடம் முழுக்க மரம்தான் வரையவேண்டும். மாற்றிக்கொள்ள விடமாட்டார், ஆனால் என்ன நடந்தது என்று துருவவும் மாட்டார். அவள் வரைந்து வரைந்து கிழிக்கிறாள். அவர் இருக்கிறார், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு அது எத்தனை பெரிய ஆதரவு என்பது கடைசிப் பருவத்தில் தெரிகிறது.

கொடுக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பதினாலு வயதுக்கு மேல் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள். வன்முறை விரிவாக, கிளர்ச்சியூட்டும்படி எழுதப்படவில்லை. அந்தப் பெண்ணுக்கு நினைவு வருகிற விதத்தில் துண்டு துண்டாக வருகிறது. இந்த விஷயத்தைப் புத்தகத்தில் படிப்பதால் பிள்ளை கெட்டுப்போகாது. தனக்கு நடந்ததற்குப் பெயர் தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இன்னும் சிறிய பிள்ளைகள் என்றால் தமிழிலேயே யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இருக்கிறது. 2020இல் பால சாகித்ய புரஸ்கார் (சாகித்ய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருது) பெற்ற நூல், இதே விஷயத்தைக் குழந்தைகளுக்குப் புரியும்படி பேசுகிறது. கூடவே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். நாங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் பிரச்சினை நம் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யு கிவ்' பற்றித்தான் கேட்கிறார்கள். 2017இல் வந்தது. ஆசிரியர் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்துக்காரர். 2009இல் ஓக்லண்டில் ஆஸ்கர் கிராண்ட் என்ற இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கல்லூரியில் சிறுகதையாக எழுத ஆரம்பித்தது பிறகு நாவலாக வளர்ந்தது.

பதினாறு வயது ஸ்டார் கண் முன்னால் அவளுடைய பால்ய சிநேகிதன் கலீலை ஒரு போலீஸ்காரர் சுடுகிறார். காருக்குள் இருந்தது தலைவாரும் பிரஷ். ஸ்டாருக்குப் பன்னிரண்டு வயதானபோது வீட்டில் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒன்று, வயதுக்கு வரும் பிள்ளைக்கு எல்லா வீட்டிலும் சொல்வது. இன்னொன்று, போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்வது: கை வெளியே தெரியவேண்டும், திடீரென்று அசையக்கூடாது, கேட்டதற்கு மட்டும் பேசவேண்டும், முடிந்தால் போலீஸ்காரரின் அடையாள எண்ணைப் பார்த்துவைக்கவேண்டும். அதனால்தான் அந்த நிமிடத்திலும் அவள் போலீஸ்காரரின் அடையாள எண்ணை மனதில் வாங்குகிறாள். நூற்றுப் பதினைந்து. அந்த ஆளை அவள் அந்த எண்ணாலேயே அழைக்கிறாள்.

புரியுமா என்றால், மகள் முதலில் பிடித்துக்கொண்டது துப்பாக்கிச் சூட்டை அல்ல. ஸ்டார் வசதியான பள்ளியில் ஒரு மாதிரியும் தன் தெருவில் வேறு மாதிரியும் பேசுகிறாள் அல்லவா, அதைத்தான். "நம்ம கிளாஸ்ல ஒருத்தி ஊர்ப்பேச்சு வந்துரும்னு வாயையே திறக்கமாட்டாம்மா" என்றாள். அதுவரை அந்தப் பெண்ணைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை.

அப்பா மாவெரிக் நான் படித்ததிலேயே சிறந்த அப்பா. சிறைக்குப் போய் வந்தவர், கடை வைத்திருக்கிறார், பிள்ளைகளைத் தெரு விழுங்கிவிடாமல் ஒவ்வொரு நாளும் காக்கிறார். தப்பும் செய்கிறார். பள்ளித் தோழி ஹெய்லியை மட்டும் ஆசிரியர் ஒரே நிறத்தில் தீட்டிவிட்டார் என்ற வருத்தம் எனக்கு உண்டு. நம்மைக் காயப்படுத்தும் தோழிகள் அப்படி நேராக அடையாளம் தெரிகிற மாதிரி இருப்பதில்லை.

நம் ஊரில் நடக்கிற கதை ஏதாவது?

பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்', 2014. ஆசிரியர் சென்னையில் பிறந்தவர், கடலியல் படித்தவர், அமெரிக்காவில் வாழ்கிறார். சென்னையில் பரதநாட்டியம் ஆடும் வேதா என்ற பெண் விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழக்கிறாள். இதுவும் கவிதை வடிவம். உடனே எல்லோரும் "சுதா சந்திரன் கதையா?" என்கிறார்கள். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மறுபடி ஆடியவர் சுதா சந்திரன். அவர் வாழ்க்கை 'மயூரி' என்ற தெலுங்குப் படமானது. வேதா கற்பனைப் பாத்திரம், அவள் போகிற வழியும் வேறு. மேடையையும் கைதட்டலையும் தேடி ஆடியவள், எதற்காக ஆடுகிறோம் என்று கேட்டுக்கொள்ளும் இடத்துக்கு வருகிறாள். பாட்டி பாத்திரம் மிக அழகு. பேத்திக்குப் பின்னால் எப்போதும் நிற்கிறார். காதல் பகுதி எனக்கு ஒட்டவில்லை. சில இடங்களில் வெளிநாட்டு வாசகருக்காக நம் வழக்கங்களை விளக்குவதும் நம்மைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திய மாதிரி இருக்கும்.

இதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு இவருடைய 'தி பிரிட்ஜ் ஹோம்' பொருத்தம். வீட்டை விட்டு வந்த விஜி, ருக்கு என்ற அக்கா தங்கையும் இரண்டு பையன்களும் சென்னையில் பாலத்தின் மேல் வாழும் கதை.

தெற்காசியக் குடும்பங்கள் பற்றி?

சபா தாஹிரின் 'ஆல் மை ரேஜ்', 2022. பாகிஸ்தானிலிருந்து போய்க் கலிஃபோர்னியாவின் பாலைவனச் சிற்றூரில் மோட்டல் (சாலையோரத் தங்கும் விடுதி) நடத்தும் குடும்பம். ஆசிரியரும் மோஹாவி பாலைவனத்தில் பெற்றோர் நடத்திய மோட்டலில் வளர்ந்தவர்தான். மகன் சலாவுதீன், அவன் தோழி நூர், அம்மா மிஸ்பா என்று மூவர் மாறி மாறிச் சொல்கிறார்கள். நூர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தவள். வளர்க்கும் சித்தப்பா தன் மதுக்கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார், அவள் ரகசியமாகக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள்.

நாம் வீட்டில் வாய்விட்டுப் பேசாத ஒன்றை இந்த நாவல் பேசுகிறது: அப்பாவின் குடி. குடிகாரனை வில்லனாக்கிவிட்டு ஒதுங்கவில்லை. அவர் ஏன் குடிக்கிறார் என்பதும் தெரிகிறது, அதனால் மகன் தலையில் என்னென்ன விழுகிறது என்பதும் தெரிகிறது. மிஸ்பா யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்ட ஒரு விஷயம் மகனை எப்படி முடக்கியிருக்கிறது என்று தெரியவரும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். கஷ்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவது பாதிக்கு மேல் மூச்சு முட்டுகிறது. ஆனாலும் இந்த ஒன்பதில் இரண்டாவது இடம் இதற்குத்தான்.

வரலாறு பிடித்த பிள்ளைகளுக்கு?

ரூட்டா செபெடிஸின் 'சால்ட் டு த சீ', 2016. 1945 ஜனவரி 30 அன்று பால்டிக் கடலில் சோவியத் நீர்மூழ்கி ஒன்று 'வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப்' என்ற ஜெர்மன் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. இரண்டாயிரம் பேருக்கும் குறைவானவர்களுக்குக் கட்டிய கப்பலில் பத்தாயிரம் பேர் அளவில், பெரும்பாலும் அகதிகள், ஏறியிருந்தார்கள். சுமார் 9,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். டைட்டானிக்கில் இறந்தவர்கள் சுமார் 1,500. டைட்டானிக் தெரிந்த என் மகளுக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது.

நான்கு இளைஞர்கள் மாறி மாறிச் சொல்லும் கதை. எனக்கு நெருக்கமானவர் அவர்களில் யாரும் இல்லை. செருப்புத் தைக்கும் ஒரு கிழவர் அகதிக் கூட்டத்தோடு பனியில் நடக்கிறார். ஆளின் கால் செருப்பைப் பார்த்தே அவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று சொல்லிவிடுவார். தனியாக அலைந்த சின்னப் பையன் ஒருவனைக் கைப்பிடித்துக் கூட்டிவருகிறார். பெரிய வசனம் ஒன்றும் இல்லை, பையனுக்கு ராத்திரி குளிராமல் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கிழவருக்காகவே படிக்கலாம். அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடுவதால் சில நேரம் ஒருவர் மனசுக்குள் போவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார்.

ஆங்கிலம் கடினமாக இருக்குமா?

'எ மான்ஸ்டர் கால்ஸ்' எளிது. 'லாங் வே டவுன்', 'தி ஹேட் யு கிவ்' இரண்டிலும் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கு வரும். நம் ஊர் வட்டார வழக்கை நாவலில் படிப்பது போலத்தான், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். தெரியாத சொல்லுக்கு அகராதி தேடிக்கொண்டே இருக்கவேண்டாம்.

தமிழில் ஏன் இப்படி வருவதில்லை?

வருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். குறைவாக வருகிறது. சிறுவர் இலக்கியம் நமக்கு வளமாக இருக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதப்பட்டு 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்னப் புத்தகம். கேள்வி கேட்டதற்காகவே ஒரு மாணவி பள்ளியில் நசுக்கப்படுவதை அவளுடைய டீச்சரே குற்ற உணர்ச்சியோடு சொல்கிறார். நான் தேடுகிற பெரியவரின் பார்வை நம் மொழியில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பயத்தை, நீட் பயிற்சி அறையை, முதல் தடவையாக விடுதிக்குப் போகும் பெண்ணின் இரவை அந்த வயதின் குரலிலேயே சொல்லும் நாவல்கள் எனக்கு இன்னும் நிறைய வேண்டும். எழுதுகிறவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

பிள்ளை பாதியில் வைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

'ஸ்பீக்' நாவலை மகள் மூன்றாவது மதிப்பெண் அட்டை வரை படித்துவிட்டு நிறுத்தினாள். டவுன் பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளம் வைத்து அலமாரியில் செருகிவிட்டாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்க வாய் துறுதுறுத்தது, கேட்கவில்லை. மூன்று வாரம் அது அப்படியே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் தூசு தட்டும்போது பார்த்தேன், டிக்கெட் ஏழெட்டுப் பக்கம் தள்ளியிருந்தது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.